கேட்டல் என்னும் தவம்

தமிழில் ‘கேள்’ என்பது ஒரே சொல். அதன் பொருள்களோ மூன்று. வினவுவதும் கேட்பதுதான்; பிறர் கூறுவதைச் செவியில் வாங்குவதும் கேட்பதுதான்; கூறியதை ஏற்று நடப்பதும் கேட்பதுதான். ‘இந்தப் பிள்ளை தாய் சொல்வதைக் கேட்கிறான்’ என்றால், அவன் காதில் தாயின் குரல் விழுகிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அவன் அதன்படி நடக்கிறான் என்றே கொள்கிறார்கள். வினவாத இடத்தில் சொல் பிறப்பதில்லை. செவி கொடாத இடத்தில் சொல் தங்குவதில்லை. ஏற்காத இடத்தில் சொல் பயன் தருவதில்லை. இம்மூன்றும் சேரும்போதுதான் கேட்டல் முழுமை பெறுகிறது.

ஆன்மிக வாழ்வின் படிகளைக் கூறும் வேதாந்தம் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று வரிசைப்படுத்துகிறது. கேட்டல், சிந்தித்தல், அதிலேயே ஆழ்ந்திருத்தல் என்பது அந்த வரிசை. அங்கே சீடன் கீழே அமர்ந்து கேட்கிறான். குரு மேலே அமர்ந்து கூறுகிறார். ஆனால் மனிதன் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைக் கழிக்கும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நிலைமை வேறு. அங்கே அதிகாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. உண்மையோ பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏற வேண்டியிருக்கிறது. இயந்திரம் வழக்கத்துக்கு மாறாக ஒலிப்பதை அதன் அருகில் நிற்பவரே முதலில் அறிகிறார். நோயாளியின் முகம் வாடுவதை இரவுப் பணியில் இருக்கும் செவிலியே முதலில் காண்கிறார். எனவே பணியிடத்தில் சிரவணம் என்னும் கடமை முதலில் மேலே இருப்பவருக்கே உரியது. நிர்வாகவியல் என்னும் துறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல இழப்புகளின் வழியே கற்ற பாடங்களுள் இதுவே தலையாயது எனலாம்.

உறங்காத அரசன்

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் ஓர் இரவு வருகிறது. பாண்டவர்களிடம் தூது சென்ற சஞ்சயன் திரும்பி வந்து, செய்தியை மறுநாள் சபையில் கூறுவதாகச் சொல்லிச் சென்றுவிடுகிறான். திருதராஷ்டிரனுக்கு உறக்கம் வரவில்லை. விதுரனை அழைத்துவரச் சொல்கிறான். விதுரன் அரசனுக்குத் தம்பி முறை. ஆயினும் பணிப்பெண்ணின் வயிற்றில் பிறந்தவன் என்பதால் அரியணைக்கு உரிமை இல்லாதவன். அந்த இரவு முழுவதும் அவன் அறத்தையும் அரசியலையும் எடுத்துரைக்கிறான். பாண்டவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிடும்படி அஞ்சாமல் கூறுகிறான். அந்த உரையே பிற்காலத்தில் விதுர நீதி என்று போற்றப்பட்டது.

அரசன் எல்லாவற்றையும் கேட்டான். இடையிடையே மேலும் கூறும்படி வேண்டினான். விதுரன் கூறுவது சரியே என்றும் ஒப்புக்கொண்டான். ஆனால் துரியோதனன் அருகில் வந்ததும் தன் மனம் மாறிவிடுகிறது என்று கூறிப் பழியை விதியின்மேல் போட்டான். பொழுது விடிந்தது; எதுவும் மாறவில்லை. அவன் வினவினான், செவிமடுத்தான், ஏற்கவில்லை. பார்வையின்மை அவனது குறையாக இருக்கவில்லை. நல்ல செவிகள் இருந்தும் அவை உள்ளத்தோடு இணையாமற் போனதே அவன் குலத்தை அழித்தது.

இன்றைய நிறுவனங்களிலும் திருதராஷ்டிரனின் இரவு அடிக்கடி நிகழ்கிறது. ஆலோசனைப் பெட்டிகள் தொங்குகின்றன, கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடக்கின்றன, அறிக்கைகள் அச்சாகின்றன. பொழுது விடிந்தபின் எல்லாம் பழையபடியே நடக்கிறது.

வினவுதல்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் வேறொரு நம்பிக்கையில் இயங்கின. அமெரிக்கப் பொறியாளரான ஃபிரெடெரிக் டெய்லர் 1911-இல் தமது அறிவியல் நிர்வாகக் கொள்கைகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வேலையையும் சிறு அசைவுகளாகப் பிரித்து, கடிகாரம் கொண்டு அளந்து, மிகச் சிறந்த ஒரே முறையைக் கண்டறிய வேண்டும் என்பது அவரது கருத்து. அதனால் உற்பத்தி பெருகியது. தேவையற்ற உழைப்பு குறைந்தது. அந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆனால் சிந்திப்பது ஒரு சாராரின் வேலை, செய்வது மறுசாராரின் வேலை என்ற பிரிவினையும் அதனோடு சேர்ந்து வேரூன்றியது. கை மட்டுமே தேவைப்பட்ட இடத்தில் அந்தக் கைக்கு உரியவரிடம் வினவுவதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று.

இந்தச் சூழலில்தான் சிகாகோ நகருக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. வெளிச்சம் கூடினால் வேலை கூடுமா என்பதே முதல் கேள்வி. விடை தெளிவாகக் கிடைக்கவில்லை. 1927-இல் தொலைபேசிக் கருவியின் பாகங்களைக் கோக்கும் சில பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரம், வேலை நேரம், ஊதிய முறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி படிப்படியாக உயர்ந்தது. கொடுத்த சலுகைகளைத் திரும்பப் பெற்றபோதும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எல்டன் மேயோவும் அவருடைய சகாக்களும் இதற்கு விளக்கம் தேடினர். அப்பெண்களிடம் கருத்து வினவப்பட்டது, அவர்கள் பொருட்படுத்தப்பட்டனர், அவர்களுக்குள் ஒரு குழு உணர்வு பிறந்தது என்பதே அவர்கள் கண்ட விடை.

அதன்பின் 1928 முதல் 1930 வரை அதே தொழிற்சாலையில் 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் நேரில் பேசும் பெரும் முயற்சி நடந்தது. முதலில் கேள்வியாளர்கள் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். தொழிலாளர்களோ பட்டியலில் இல்லாதவற்றையே பேச விரும்பினார்கள். எனவே முறை மாற்றப்பட்டது. பேசுபவர் விரும்பியதைப் பேசட்டும், கேட்பவர் குறுக்கிடாமல் கேட்கட்டும் என்று முடிவு செய்யப்பட்டது. அரை மணி நேரத்தில் முடிந்த உரையாடல்கள் ஒன்றரை மணி நேரமாக நீண்டன. தான் முன்பே முடிவு செய்த கேள்விகளை அடுக்குவது வினவுதல் ஆகாது. எதிரில் இருப்பவர் எதைக் கூற ஏங்குகிறார் என்பதற்கு இடம் விடுவதே வினவுதல் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

ஆயினும் இந்த வரலாற்றை முழுமையாகவே அறிந்துகொள்ள வேண்டும். அந்தத் தனி அறையிலிருந்து 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு பெண்கள் விலக்கப்பட்டு, அவர்கள் இடத்தில் வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். மிகுதியாகப் பேசினார்கள், ஒத்துழைக்கவில்லை என்பதே அவர்கள்மேல் கூறப்பட்ட குறை. கேட்டலின் பெருமையை உலகுக்கு உணர்த்திய ஆய்வுகூட, தனக்கு ஒவ்வாத பேச்சைப் பொறுக்கவில்லை. பின்னர் 1936-இல் அங்கே தொழிலாளரின் மனக்குறையைக் கேட்பதற்கென்றே ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் பரிவோடு கேட்டார்கள். ஆனால் குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பேசிவிட்டால் மனம் ஆறிவிடும், நிலைமையை மாற்ற வேண்டியதில்லை என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்தது என்று அறிஞர்கள் பலர் குறை கூறினர். பரிவு போர்த்திய புறக்கணிப்பும் புறக்கணிப்பே.

செவிமடுத்தல்

1986-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் மாலை, அமெரிக்காவில் ஒரு தொலைபேசி ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மறுநாள் காலையில் சாலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் ஏவப்பட இருந்தது. அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் கவலையில் ஆழ்ந்திருந்தனர். ராக்கெட்டின் பகுதிகள் பொருந்தும் இடத்தில் வெப்ப வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகித் தம் நெகிழ்ச்சியை இழக்கும் என்பது அவர்களது அச்சம். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெப்பநிலை இறங்கினால் ஏவக்கூடாது என்று அவர்கள் பரிந்துரைத்தனர். அவர்களுள் ஒருவரான ராஜர் போஷொலே, இந்த வளையங்களால் உயிரிழப்பு நேரக்கூடும் என்று ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்துமூலம் எச்சரித்திருந்தார்.

அந்தப் பரிந்துரை விண்வெளித் துறையினருக்கு உவப்பாக இல்லை. ஏவுதல் முன்பே தள்ளிப்போடப்பட்டிருந்தது. கால அட்டவணை நெருக்கியது. நிறுவனத்தினர் சிறிது நேரம் தமக்குள் பேச அவகாசம் கேட்டனர். அந்த நேரத்தில் பொறியாளர்கள் தம் வாதத்தை மீண்டும் எடுத்துரைத்தனர். இறுதி முடிவின்போதோ நிர்வாகிகளின் கருத்து மட்டுமே கேட்கப்பட்டது. பொறியாளர்களின் கருத்து கேட்கப்படவில்லை. ஏவலாம் என்ற முடிவு தெரிவிக்கப்பட்டது. மறுநாள் காலை ஏவும் நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி மட்டுமே இருந்தது. புறப்பட்ட 73-ஆவது விநாடியில் ஓடம் சிதைந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர்.

அந்த மாலையில் உண்மை எங்கோ மறைந்திருக்கவில்லை. அதே அறையில், அதே மேசையில் இருந்தது. அதை அறிந்தவர்கள் வாய் திறந்து கூறினார்கள். அவர்கள் சொல் அங்கிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. ஆனால் அங்கே ஒரு நுட்பமான மாற்றம் நேர்ந்திருந்தது. ‘பாதுகாப்பானது என்று மெய்ப்பித்தபின் ஏவுவோம்’ என்பதே வழக்கமான நெறி. அன்றோ, ‘ஆபத்தானது என்று மெய்ப்பித்தால் நிறுத்துவோம்’ என்பதாக அந்நெறி தலைகீழானது. விரும்பிய விடையை முன்பே உள்ளத்தில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு எதிரான சொல் வெறும் தடையாகவே தோன்றும். குழுவின் ஒற்றுமையைக் காக்கும் ஆவலில் ஐயங்களை அடக்கிவிடும் இந்த மனநிலையைக் ‘குழுச் சிந்தனை’ என்று பெயரிட்டு, உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972-லேயே விளக்கியிருந்தார்.

உண்மையைக் கூறிய போஷொலேவுக்குப் பின்னாளில் பணியிடத்தில் கிடைத்தது ஒதுக்குதலே. 1988-இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் அவருக்கு விருதளித்துப் போற்றியது. ஆனால் விருது என்பது காலம் கடந்து திறந்த செவி. அந்த மாலையில் ஒருவர் செவி திறந்திருந்தால் ஏழு குடும்பங்கள் துயரில் ஆழ்ந்திரா.

பேசுவதற்கு அஞ்சாத சூழலை ‘உளவியல் பாதுகாப்பு’ என்று இன்றைய நிர்வாகவியல் அழைக்கிறது. இதனை விரிவாக ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியை எமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது ஒரு வியப்பைக் கண்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். பதிவேடுகளிலோ அத்தகைய பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகக் காணப்பட்டன. அங்கே பணியாற்றியவர்கள் அதிகமாகத் தவறினார்கள் என்பது அதன் பொருளன்று. தவறியதை அஞ்சாமல் வெளியே கூறினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். மற்றப் பிரிவுகளில் பிழைகள் புதைக்கப்பட்டன. எனவே, தம் மேசைக்குக் கெட்ட செய்தியே வருவதில்லை என்று மகிழும் அதிகாரி சற்றே அஞ்சவும் வேண்டும்.

ஏற்றல்

மூன்றாம் நிலையே மிகக் கடினமானது. பிறர் சொல்லை ஏற்பதென்றால் தன் கைப்பிடியைச் சிறிது தளர்த்த வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

1950-களின் தொடக்கத்தில் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. இயந்திரங்கள் புதியவை, பொறியாளர்கள் வேலைகளை நுணுக்கமாக அளந்து பிரித்திருந்தார்கள். ஆயினும் உற்பத்தியும் துணியின் தரமும் எதிர்பார்த்தபடி உயரவில்லை. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அங்கு வந்து தறிக்கூடத்தை ஆராய்ந்தார். நெய்பவர், அறுந்த நூலைக் கட்டுபவர், நூற்சுருள் நிரப்புபவர், எண்ணெய் இடுபவர், துணி சுமப்பவர், கூட்டுபவர் எனப் பன்னிரண்டு வகை வேலைகளாக 29 தொழிலாளர்கள் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். எந்த ஒரு தறியையும் ‘இது எங்கள் தறி’ என்று கூறக்கூடிய குழு எதுவும் அங்கே இல்லை. ஒரு தறி நின்றால் யாரை யார் அழைப்பது என்பதிலேயே குழப்பம்.

ஒரு சிறு குழு, அதற்கென்று சில தறிகள், அந்தத் தறிகளின் முழுப் பொறுப்பும் அக்குழுவுக்கே என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் அதை அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பற்றிக்கொண்டனர். யார் யாருடன் சேர்ந்து வேலை செய்வது என்பதைத் தொழிலாளர்களே தீர்மானித்துக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. அது தணிந்தபின் தறிகளின் செயல்திறன் சுமார் 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பழுதான துணியின் அளவு சுமார் 32-லிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. தறிகள் அதே தறிகள். மனிதர்கள் அதே மனிதர்கள். பொறுப்பு மட்டுமே இடம் மாறியிருந்தது.

மனிதன் இயல்பாகவே வேலையை வெறுப்பவன், அவனை விரட்டியே வேலை வாங்க வேண்டும் என்று கருதுவது ஒரு பார்வை. உழைப்பு மனிதனுக்கு விளையாட்டைப் போல இயல்பானது, தக்க சூழலில் அவன் பொறுப்பைத் தானே தேடி ஏற்பான் என்று கருதுவது மற்றொரு பார்வை. 1960-இல் டக்ளஸ் மெக்ரெகர் இவ்விரண்டையும் எக்ஸ் கோட்பாடு, ஒய் கோட்பாடு என்று பிரித்துக் காட்டினார். எந்தக் கண்ணால் ஒருவர் தம் ஊழியரைப் பார்க்கிறாரோ, அந்தக் கண்ணுக்கு ஏற்றவாறே ஊழியரும் மாறிவிடுகிறார் என்பது அவரது கூர்மையான கருத்து. நம்பப்படாதவன் நம்பத் தகாதவனாகவே நடந்துகொள்ளத் தொடங்குகிறான். அகமதாபாத்தின் தறிக்கூடத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம்.

இங்கும் கதை இனிதே முடியவில்லை. சுமார் பதினேழு ஆண்டுகள் கழித்து, டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் மில்லர் அங்கு சென்று பார்த்தபோது, ஒரு கூடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருந்தது. வேறு இடங்களில் அது தேய்ந்து, பழைய வழக்கம் மெல்லத் திரும்பியிருந்தது. நெருக்கடி கூடும்போதெல்லாம் மேற்பார்வை குழுவுக்குள் நுழைந்தது, நுழைந்தது வெளியேறவில்லை. ஒருமுறை ஏற்றுக்கொள்வது எளிது. நெருக்கடி வரும்போதும் கையைத் தளர்த்தியே வைத்திருப்பதுதான் தவம்.

பழி யாருக்கு, புகழ் யாருக்கு?

கேட்டறிந்து எடுத்த முடிவும் சில வேளைகளில் தவறாகிவிடும். அப்போது தலைவர் எங்கே நிற்கிறார் என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். காலிகோ ஆலையை நடத்திய சாராபாய் குடும்பத்தில் பிறந்த விக்ரம் சாராபாய்தான் இந்திய விண்வெளித் திட்டத்துக்கு வித்திட்டவர். அவரது மறைவுக்குப் பின் 1972-இல் இஸ்ரோவின் பொறுப்பை ஏற்றவர் சதீஷ் தவான்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். ஏவுவதற்குச் சற்று முன் கணினி ஒரு குறையைக் காட்டி நிறுத்தியது. வல்லுநர்களிடம் கலந்து பேசி, தொடரலாம் என்று முடிவெடுத்தவர் தாமே என்று கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் கூறியிருக்கிறார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதாகி, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் நீரில் மூழ்கியது.

அன்று செய்தியாளர்களின் முன் சென்று அமர்ந்தவர் தலைவர் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். தம் குழுவினர்மேல் தமக்குள்ள நம்பிக்கையைத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு வெற்றி கிட்டும் என்றார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் எஸ்.எல்.வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைய செய்தியாளர் கூட்டத்துக்குத் தவான் முன்னே வரவில்லை. கலாமையே நடத்தச் சொன்னார். தலைமையைப் பற்றி நூல்களில் கற்றதைவிட அதிகமாக இந்த நிகழ்ச்சியில் கற்றதாகக் கலாம் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். தவான் மறைந்த 2002-ஆம் ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

பழி தன்மேல் விழும் என்று அஞ்சும் ஊழியர் உண்மையைக் கூற மாட்டார். பழியைத் தலைவர் ஏற்பார் என்று அறிந்த ஊழியர் எதையும் மறைக்க மாட்டார். ஆகவே பழி ஏற்றல் பெருந்தன்மை மட்டுமன்று. கீழிருந்து உண்மை ஏறிவரும் படிக்கட்டும் அதுவே.

செவியை அடைப்பது எது?

இத்தனை அறிந்தும் மனிதன் ஏன் கேட்பதில்லை? நேரமின்மை ஒரு காரணம் என்பார்கள். சாலஞ்சர் கூட்டத்தில் நேரம் இருந்தது. அஸ்தினாபுரத்தில் இரவு முழுவதும் இருந்தது. உண்மையான தடை உள்ளே இருக்கிறது. ‘நான் அறிந்தவன்’, ‘இது என் முடிவு’, ‘இவன் எனக்குச் சொல்வதா’ என்ற எண்ணங்களாக எழும் அகங்காரமே அது. செயலின் பயனில் வைத்த பற்று அதற்குத் துணை நிற்கிறது. பயனை இறுகப் பற்றியவனுக்கு அதைத் தள்ளிப்போடச் சொல்லும் சொல் பகையாகத் தோன்றுகிறது. பற்றற்றுச் செயலாற்றுவது என்ற கர்மயோக நெறி, செயலில் அக்கறை குறைந்தவனாக மனிதனை ஆக்குவதில்லை. எதிர்மறையான செய்தியையும் கலங்காமல் கேட்கும் தெளிவை அது தருகிறது.

கீதையின் அமைப்பையே கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். முதல் அத்தியாயத்தில் கண்ணன் பேசுவது மிக மிகக் குறைவு. அர்ஜுனன் புலம்புகிறான், வாதிடுகிறான், வில்லை நழுவவிடுகிறான். எல்லாம் அறிந்தவர் குறுக்கிடாமல் அனைத்தையும் கேட்கிறார். அவன் தன் மனத்தைக் கொட்டித் தீர்த்து, வழி காட்டும்படி வேண்டிய பின்னரே உபதேசம் தொடங்குகிறது. பின் பதினெட்டாம் அத்தியாயத்தில், அனைத்தையும் கூறி முடித்தபின், நன்கு ஆராய்ந்து விரும்பியபடி செய்யுமாறு முடிவை அர்ஜுனனிடமே விடுகிறார். கேட்பதில் தொடங்கி, பொறுப்பை ஒப்படைப்பதில் முடிகிறது அந்தத் தலைமை. அவர் அமர்ந்திருந்த இடமும் தேரோட்டியின் இடமே.

நாள்தோறும் செய்யத்தக்க சாதனை

நால்வருக்கோ நானூறு பேருக்கோ மேலே அமர்ந்திருப்பவர் எவரும் பணியிடத்தையே சாதனைக் களமாகக் கொள்ளலாம்.

முதலாவது, கூட்டத்தில் கடைசியாகப் பேசுதல். தலைவர் முதலில் தம் கருத்தைக் கூறிவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் திரும்பக் கூறுவார்கள்.

இரண்டாவது, கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு முதலில் நன்றி கூறுதல். ‘ஏன் இப்படி ஆயிற்று?’ என்ற கேள்வி பிறகு வரலாம். முதல் சொல் கடுமையாக இருந்தால் அடுத்த செய்தி வராது.

மூன்றாவது, வேலை நடக்கும் இடத்துக்கே சென்று வினவுதல். தம் அறைக்கு அழைத்துக் கேட்டால் பதவிக்கு ஏற்ற பதில் கிடைக்கும். தறியருகே நின்று கேட்டால் தறிக்கு ஏற்ற பதில் கிடைக்கும்.

நான்காவது, கேட்டதற்கு மறுமொழி கூறுதல். எல்லா யோசனையையும் ஏற்க இயலாது. ஏற்க இயலாதபோது அதன் காரணத்தைக் கூறுவதே கூறியவருக்குச் செய்யும் மரியாதை.

ஐந்தாவது, நாள் முடிவில் தனிமையில் அமர்ந்து, ‘இன்று எவர் சொல்லை நான் பாதியில் நிறுத்தினேன்?’ என்று தன்னையே வினவுதல். இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத நாட்கள் அரிது.

கீழே இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. விதுரன் தன் சொல் ஏற்கப்படாது என்று அறிந்தும் கூறாமல் இருக்கவில்லை. கூறியபோது வெறுப்பைக் கலக்கவும் இல்லை. குறையைக் கூறுவது வேறு, குறை கூறித் திரிவது வேறு. முன்னது உரியவரிடம் உரிய நேரத்தில் நிறுவனத்தின் நலன் கருதிக் கூறப்படுவது. பின்னது தேநீர் வேளையில் மனச் சுமையை இறக்கிவைப்பதோடு நின்றுவிடுவது. சொல்ல வேண்டியதை அன்போடும் சான்றோடும் அஞ்சாமல் சொல்வதும் வழிபாடே.

திருக்குறள் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்து, கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வகுத்தது. இரண்டும் அரசனுக்குரிய பண்புகளைப் பேசும் பகுதியிலேயே இடம்பெற்றிருக்கின்றன. படித்தவன் பதவியை அடையலாம். கேட்பவனே அப்பதவிக்குத் தகுதி பெறுகிறான். ஒவ்வொரு உயிரிலும் இறைவன் உறைகிறான் என்று வழிபாட்டு வேளையில் ஏற்றுக்கொள்ளும் உள்ளம், காலையில் அலுவலகக் கதவைத் தயங்கித் தட்டும் கடைநிலை ஊழியரின் குரலிலும் அவனையே கேட்க வேண்டும். அந்தக் கதவு திறக்கும்போது, கையிலுள்ள எழுதுகோலைக் கீழே வைத்து, முகம் நிமிர்ந்து, ‘சொல்லுங்கள்’ என்று கூறுவதில் தவம் தொடங்குகிறது.